ஃபின்மார்க்குக்குப் புதிதாக வருவோருக்கு: காற்று, பனி, இருள்

நோர்வேயின் வடகோடியில் இருக்கும் ஃபின்மார்க் மாவட்டத்துக்கு வேலை கிடைத்தோ குடும்ப இணைவிலோ வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அங்கே எத்தனை பாகை குளிர்?" என்றுதான். எந்த ஊருக்கு வருகிறீர்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஃபின்மார்க் டென்மார்க்கைவிடப் பெரிய நிலம். அதில் இருப்பவர்களோ ஏறத்தாழ 75,000 பேர். கடலோரத்தில் வார்தோ, போட்ஸ்ஃபியூர், ஹமர்ஃபெஸ்ட், ஹொன்னிங்ஸ்வோக் போன்ற மீன்பிடி ஊர்கள். 1980களில் ஈழத்தமிழர் பலர் மீன் ஆலை வேலைக்கு வந்து குடியேறியது இந்தப் பக்கத்தில்தான். உள்நாட்டு மேட்டுநிலத்தில் கராஷொக், கௌத்துகெய்னோ என்ற ஊர்கள்; 'சாமி' என்ற பழங்குடி மக்களின் ஊர்கள் அவை. இந்த இரண்டு பக்கங்களின் காலநிலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது.

நோர்வேயில் இதுவரை பதிவான மிகக் கடுங்குளிர் கராஷொக்கில்தான்: 1886 ஜனவரி 1ஆம் திகதி, மைனஸ் 51.4 பாகை. அதே மாவட்டத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வார்தோவில் ஜனவரிச் சராசரி மைனஸ் 4, 5 அளவில்தான் நிற்கும். அத்திலாந்திக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் கரையைத் தொட்டுக்கொண்டு போவதால் அங்கே துறைமுகங்கள் உறைவதில்லை. உள்நாட்டில் அந்த உதவி இல்லை. காற்றில்லாத தெளிவான இரவில் குளிர்காற்று பாரமாகி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கிவிடும். அப்படிப்பட்ட நாளில் பக்கத்துக் குன்றில் ஏறினால் மேலே பல பாகை சூடு கூடவாக இருக்கும்.

இதைக் கேட்டுக் கரையோரம் சுகம் என்று நினைத்துவிட வேண்டாம். கராஷொக்கின் மைனஸ் 25ஐ நல்ல உடுப்போடு நின்று தாங்கலாம். போட்ஸ்ஃபியூரின் மைனஸ் 8, புயற்காற்றோடு சேர்ந்தால், நிற்கவே விடாது. ஃபின்மார்க்கில் ஆளை வீழ்த்துவது காற்றும் வழுக்கலும் இருளும். வெப்பமானி காட்டும் எண் அவற்றுக்குப் பிறகுதான்.

முன்னறிவிப்பை வாசிக்கும் முறை

'யூர்' என்ற செயலியைத் தொலைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். நோர்வே வானிலை நிறுவனமும் என்.ஆர்.கே. ஒலிபரப்பும் சேர்ந்து நடத்துவது அது. காலையில் வெளிக்கிட முன்னர் மூன்று விஷயங்களை இந்த ஒழுங்கில் பாருங்கள்.

முதலில் காற்று. செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்று போட்டிருக்கும். அடைப்புக்குள் இருப்பது இடையிடையே அடிக்கும் வீச்சின் வேகம். அந்த இரண்டாவது எண்தான் ஆளைத் தள்ளிவிழுத்துவது. 10.8ஐத் தாண்டினால் 'கூலிங்' என்பார்கள். ஆங்கிலச் சொல்லாக நினைத்து ஏமாறாதீர்கள், அது பலத்த காற்றின் பெயர். 20.8இலிருந்து 'ஸ்டோர்ம்'. 32.6க்கு மேல் 'உர்கான்', அதாவது சூறாவளி வேகம்.

இரண்டாவது வெப்பநிலை. அதைக் காற்றோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். மைனஸ் 8 பாகையில் 15 மீற்றர் காற்று வீசினால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 19 போல இருக்கும். மைனஸ் 10இல் 10 மீற்றர் காற்றென்றால் மைனஸ் 20. உடம்பைச் சுற்றி நாமே சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படையை வீசும் காற்று ஓயாமல் உரித்துக்கொண்டு போவதுதான் காரணம்.

மூன்றாவது, வெப்பநிலை பூச்சியத்தைக் கடந்து மேலே போகிறதா என்பது. நேற்று மைனஸ் 6, இன்று பிளஸ் 3இல் மழை, நாளை மீண்டும் மைனஸ் என்றால் நாளைக்கு வீதி முழுக்கக் கண்ணாடி போன்ற ஐஸ். கரையோர ஊர்களில் எலும்பு முறிவோடு வைத்தியரிடம் போகிற நாள் இதுதான்.

மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கைகள் வரும். மஞ்சள் என்றால் கவனமாகப் போகலாம்; பயணத்தைப் பிற்போட முடிந்தால் போடுங்கள். செம்மஞ்சள் என்றால் வீட்டில் இருங்கள். ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை 'துருவத் தாழ்வு' என்ற சிறு புயல்கள் பாரென்ட்ஸ் கடலில் உருவாகும். அகலம் சில நூறு கிலோமீற்றர்தான், ஆயுளும் ஒரு நாள் அளவுதான். ஆனால் அமைதியாக இருந்த கடல் ஓரிரு மணித்தியாலத்தில் ஒன்றும் தெரியாத பனிப்புயலாகிவிடும். காலையில் பார்த்த முன்னறிவிப்பை மத்தியானமும் ஒருதரம் பாருங்கள்.

உடுப்பு: உள்ளிருந்து வெளியே

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தடித்த ஜாக்கெற்றை விலைகொடுத்து வாங்கி, உள்ளே பருத்தி ரீசேர்ட்டும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு நடுங்குவார்கள். காசை உள்பக்கத்திலிருந்து செலவழிக்க வேண்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும். ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும்.

தோலோடு ஒட்டி மெரீனோ கம்பளியில் நீளக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் ஆளுக்கு இரண்டு சோடி. அதற்கு மேல் தடித்த கம்பளிச் சட்டை அல்லது ஃபிளீஸ். எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத, இடுப்புக்குக் கீழே வருகிற ஜாக்கெற். அதே துணியில் காற்சட்டை. உள்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு இறகு அடைத்த ஜாக்கெற் தேவை. கரையோரத்தில் ஈரப்பனியும் மழையும் கலந்து அடிப்பதால் இறகு நனைந்து கட்டிபட்டுவிடும், அங்கே அதைவிடக் காற்றுத் தடுப்புத்தான் முக்கியம். வெளியே வந்த முதல் ஐந்து நிமிடம் இலேசாகக் குளிரவேண்டும். வாசலிலேயே வெதுவெதுப்பாக இருந்தால் நடக்க நடக்க வியர்த்து, பஸ் தரிப்பில் நிற்கும்போது அந்த வியர்வை உறையத் தொடங்கும்.

சப்பாத்து ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். கம்பளி அடித்தட்டும் தடித்த கம்பளிக் காலுறையும் போட்ட பிறகும் விரல்களை ஆட்ட இடம் இருக்கவேண்டும். கடையில் இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு காலுறை திணித்துப் பார்த்து "சரி" என்று வாங்குவதுதான் கால்விரல் விறைப்பதற்கான முதற்காரணம்: இரத்தம் ஓடாத காலை எந்தக் கம்பளியும் சூடாக்காது. கைக்கு, ஐந்து விரலும் தனித்தனியே உள்ள கையுறையைவிட விரல்கள் ஒன்றாகக் கிடக்கும் பை போன்ற கையுறை நல்லது.

தோடு, மூக்குத்தி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: மைனஸ் 20க்குக் கீழே, அல்லது பலத்த காற்றில், உலோகம் தோலின் சூட்டை விரைவாக இழுக்கும். தோட்டைத் தொப்பிக்குள் மூடுங்கள் அல்லது கழற்றுங்கள். மூக்குத்தியை மூடுவது கடினம் என்பதால் நீண்ட நேரம் வெளியே நிற்கும் நாளில் கழற்றிவிடுவதே பாதுகாப்பு. மூக்கு நுனி, கன்னம், காது மடல் ஆகிய இடங்களில் முதலில் சுருக்கென்று குத்தும், பிறகு உணர்ச்சி போய்விடும். நம் தோலில் அது சாம்பல் பூத்த, மங்கிய திட்டாகத் தெரியும். வெள்ளைத் தோலில் தெரிவதுபோல் பளிச்சென்று இராது. ஆகவே கூட வருகிறவரின் முகத்தை அடிக்கடி பாருங்கள். கண்டால் உடனே காற்றுக்கு மறைவாகப் போய் வெறும் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அசையாமல் சூடாக்குங்கள். பனியால் தேய்ப்பது தோலைக் கிழிக்கும், ஒருபோதும் வேண்டாம். தோல் கெட்டியாகி, சூடாக்கியும் உணர்ச்சி திரும்பாவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

பிள்ளைகளுக்கு: பாலர் பள்ளிகள் ஏறத்தாழ எல்லாக் காலநிலையிலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடும். உடுப்பு, கையுறை, தொப்பி எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். கையுறை மூன்று சோடி கொடுத்து வையுங்கள். கழுத்துக்குச் சால்வை வேண்டாம், ஊஞ்சலிலும் சறுக்கியிலும் சிக்கி இறுக்கும். தலைவழியே மாட்டும் கழுத்துறை போடுங்கள்.

வழுக்கல்

'ப்ரொடர்' என்று கேட்டு வாங்குங்கள்: சப்பாத்தின் அடியில் மாட்டும் ரப்பரும் ஆணியும். குதிக்கால், முன்பாதம் இரண்டிலும் ஆணி உள்ளதையே எடுக்க வேண்டும். குதிக்காலில் மட்டும் உள்ளவை ஏற்றத்தில் கைவிடும். கடைக்குள், ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது கழற்றுங்கள். கல் தரையில் அந்த ஆணியே சறுக்கும். ப்ரொடர் இல்லாமல் மாட்டிக்கொண்டால், உடம்பு பாரத்தை முன்காலுக்கு மேலே கொண்டுவந்து, முழுப் பாதத்தையும் தட்டையாக வைத்து, சின்னச் சின்ன அடியாக நடங்கள். கை பொக்கற்றுக்குள் இருக்கக் கூடாது. மிக மோசமான இடம் ஐஸின் மேல் மெல்லிதாகப் புதுப்பனி விழுந்த நடைபாதை. பார்வைக்கு மென்மையாக இருக்கும், அடியில் கண்ணாடி.

கூரையிலிருந்து தொங்கும் பனிக்கூர்களுக்குக் கீழே, தாழ்வார ஓரமாக நடக்க வேண்டாம். ஏரி உறைந்து கிடந்தால் ஊரவர் நடந்த தடத்தில் மட்டும் போங்கள். ஒரு ஆள் நடக்க உறுதியான ஐஸ் குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும். ஆறு வந்து கலக்கும் வாய், நீரிணையின் ஒடுங்கிய இடம், பாலத்துக்கு அடி ஆகியவற்றில் மேலே பனி எப்படி இருந்தாலும் அடியில் ஐஸ் மெல்லிது.

வீடு

பனி வாரும் சவளை வீட்டுக்குள், வாசற்கதவுக்கு உள்பக்கம் வையுங்கள். இரவில் காற்று பனியை வாரிவந்து வாசலில் குவித்துவிட்டால், வெளியே சாத்தியிருக்கும் சவள் அந்தக் குவியலுக்கு அடியில்தான் கிடக்கும். படியை ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் வாருங்கள். மிதிபட்ட பனி ஐஸாகிவிட்டால் ஏப்ரல் வரை சவளுக்கு வராது. நிலக்கீழ் அறையின் தப்பும் யன்னல், வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பியின் வெளிப்பெட்டி, காற்றுத் துவாரங்கள் ஆகியவற்றையும் துப்புரவாக வையுங்கள்.

தமிழ் வீடுகளில் அதிகம் பிழைப்பது காற்றோட்டம். குளிர் வருகிறதென்று சுவர்த் துவாரங்களையெல்லாம் துணியால் அடைத்துவிட்டு, மூன்று அடுப்பில் கறி கொதிக்கும், உள்ளேயே உடுப்புக் காயும். அந்த நீராவி வீட்டில் ஆகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய் ஒட்டும்: யன்னல் ஓரம், அலுமாரிக்குப் பின்னால் உள்ள வெளிச்சுவர், படுக்கையறை மூலை. சில வாரங்களில் கறுப்புப் பூஞ்சணம். துவாரங்களை அடைக்காதீர்கள். சமைக்கத் தொடங்க முன்னரே புகை உறிஞ்சியைப் போட்டு, முடித்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். நாளுக்கு இரண்டு தடவை எதிரெதிர் யன்னல்களை ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள். நாள் முழுக்க யன்னலைச் சற்றே திறந்து வைப்பது சுவரைக் குளிரவைத்துப் பூஞ்சணத்துக்குத்தான் உதவும். அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி வையுங்கள்.

கடுங்குளிரில் குசினித் தொட்டிக்கு அடியிலுள்ள அலுமாரிக் கதவைத் திறந்துவிட்டால் அறைச்சூடு பைப்பைத் தொடும். வெளிச்சுவரோடு போகும் குழாயை இரவில் நூல்போல் ஓடவிடலாம். குழாய் உறைந்துவிட்டால் பிரதான வால்வை மூடி, குழாயைத் திறந்துவிட்டு, முடி உலர்த்தியால் வாயிலிருந்து உள்நோக்கி இளக்குங்கள். நெருப்புச் சுவாலை பிடித்து வீட்டை எரித்தவர்கள் உண்டு. பிரதான வால்வு எங்கே என்பதைக் குடிவந்த முதல் நாளே வீட்டுக்காரரிடம் கேட்டு வையுங்கள்.

ஒரு வாரத்துக்குத் தேவையானதை வீட்டில் வைத்திருக்கும்படி அரசே சொல்கிறது: ஆளுக்கு 20 லீற்றர் தண்ணீர், சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு, பற்றரி வானொலி, மின்சூள், மருந்து. மலைவீதி மூடினால் கடைத் தட்டுகள் காலியாவதைப் பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தெரியாது. அவசர எண்கள்: தீ 110, பொலிஸ் 112, அம்புலன்ஸ் 113.

வாகனமும் கொலோனவும்

ஃபின்மார்க்கில் ஆணி ரயர் ஒக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை அனுமதி. குளிர்கால ரயரின் பள்ளம் குறைந்தது 3 மில்லிமீற்றர் என்பது சட்டம். ஆனால் 5க்குக் கீழே போனதும் மாற்றத் திட்டமிடுங்கள். உள்நாட்டில் எஞ்சின் சூடாக்கி அவசியம்: மைனஸ் 10இல் ஒரு மணித்தியாலம், மைனஸ் 20இல் இரண்டு, மூன்று. இரவு முழுக்கப் போட்டு வைத்தால் மின்சாரச் செலவைத் தவிர வேறு பயன் இல்லை, நேரங்காட்டி பூட்டுங்கள். கண்ணாடி முழுவதையும் சுரண்டுங்கள், கூரைப் பனியைத் தும்புத்தடியால் தள்ளுங்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும்.

மலைமேட்டு வீதிகளில் பனி பொழியாத நாளிலும் வீதி மூடும். ஏற்கனவே விழுந்த பனியைக் காற்று கிளப்பி அடிக்கும்போது முன்னால் போகும் வாகனத்தின் பின்விளக்கே தெரியாது. அப்போதுதான் 'கொலோன': பனி அகற்றும் வாகனத்துக்குப் பின்னால் வரிசையாகப் போதல். போட்ஸ்ஃபியூர் மலை, பெர்லெவோக் பக்கத்துக் கொங்ஸ்ஃபியூர் மலை, அல்தாவுக்கு வடக்கே ஐரோப்பிய வீதி 6இல் உள்ள சென்னலாண்டெ, இஃபியூர் மலை எல்லாம் இதற்குப் பேர்போனவை. 'நூர்காப்' என்ற வடகோடிக் கடல்முனைக்குப் போகும் வீதியின் கடைசித் துண்டில் குளிர்காலம் முழுக்கக் குறித்த நேரக் கொலோன மட்டுமே.

வெளிக்கிட முன்னர் வீதித் திணைக்களத்தின் செயலியைப் பாருங்கள், அல்லது 175ஐ அழையுங்கள். தாங்கி நிரம்பியிருக்க வேண்டும். மின்சாரக் கார் என்றால் குளிரில் ஓடும் தூரம் நன்றாகக் குறையும் என்று கணக்கிட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு முழுக் குளிருடுப்பு, போர்வை, சவள், இழுவைக் கயிறு, தலை விளக்கு, ஒளிரும் மேலங்கி, சுடுதண்ணீர்ப் போத்தல், உணவு. இவை காரின் பின்பெட்டியில் அல்ல, இருக்கைப் பக்கத்தில் இருக்கட்டும்.

கொலோன தொடங்கும் இடத்தில், வீதியை மறிக்கும் தடைமரத்தடியில் வரிசையில் நில்லுங்கள். பனி வாகனக்காரர் வந்து ஒவ்வொரு காரையும் பார்ப்பார். உங்கள் ரயரோ உடுப்போ போதாதென்று நினைத்தால் ஏற்றமாட்டார். மலையில் முதல் அனுபவம் என்றால் சொல்லுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. போக முன்னர் விளக்குகளையும் பின்பக்க மூடுபனி விளக்கையும் போடுங்கள், கண்ணாடியையும் விளக்குகளையும் துடையுங்கள். ஓடும்போது முன்காரின் பின்விளக்கை இழக்காத தூரம். அதற்கு மேல் நெருங்க வேண்டாம். பின்னால் வருகிறவரின் விளக்கையும் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள், வரிசை அறுபடுவது இடையில்தான்.

வரிசை நின்றுவிட்டால் காருக்குள்ளேயே இருங்கள். திரும்ப முயல வேண்டாம்; பின்னால் வரும் பனி வாகனம் உங்களைக் காணாது. இறங்கி உதவி தேடிப் போகவே வேண்டாம். வெண்மைக்குள் பத்து அடி போனவருக்குத் தன் காரைத் திரும்பக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. நீண்ட நேரம் நின்றால் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று, காரில் கையை வைத்தபடியே போய்ப் பாருங்கள். மூடிய குழாயோடு எஞ்சின் ஓடினால் நச்சு வாயு உள்ளே வரும், அதற்கு மணமில்லை.

ஹமர்ஃபெஸ்ட் அல்லது கிர்கெனெஸ் ஆஸ்பத்திரியில் திகதி இருந்தால், எச்சரிக்கை உள்ள வாரத்தில் அந்தத் திகதிக்கு முந்தின நாளே போய்விடுங்கள்.

இருள்

கரையோரத்தில் நவம்பர் 20ஐ அண்டிச் சூரியன் மறைந்தால் திரும்ப எழுவது ஜனவரி 20ஐ அண்டி. முழுக் கறுப்பு அல்ல. நடுப்பகலில் சில மணித்தியாலம் நீலமும் இளஞ்சிவப்புமாக ஒரு வெளிச்சம் வரும். அந்த நேரத்தில் தவறாமல் வெளியே நடவுங்கள். விழிக்கும் நேரத்தை மாற்றாதீர்கள், விடுமுறை நாளிலும். மத்தியானத் தூக்கம் இரவுத் தூக்கத்தைத் திருடும்.

விற்றமின் டி பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நிறத் தோல் அதை உண்டாக்க அதிக வெயில் கேட்கும், இங்கேயோ மாதக்கணக்கில் வெயிலே இல்லை. வளர்ந்தவர்களுக்கு நாளுக்கு 10 மைக்ரோகிராம் என்பது சுகாதார இயக்ககத்தின் பரிந்துரை. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், மீனெண்ணெயில் அது கிடைக்கும். மீனெண்ணெய் பிடிக்காதவர்களுக்குக் குளிசை உண்டு. குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தின் அளவைத் தாய்சேய் நிலையத்தில் கேளுங்கள். உடல்நோ, சோர்வு மாறாமல் இருந்தால் வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை கேட்பது உங்கள் உரிமை.

இருளில் ஒளித்தகடு இல்லாமல் நடக்க வேண்டாம். முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் கார் விளக்கில் முதலில் படும்.

வார்தோவில் கோட்டை மதிலிலிருந்து சூரிய வட்டம் மீண்டும் முதன்முதலாக முழுதாகத் தெரியும் நாளில் பீரங்கி முழங்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கு லீவு.

மற்ற மாதங்கள்

நாம் முன்பனி, பின்பனி என்று பிரித்து ஆண்டை ஆறாக வகுத்தோம். சாமி மக்கள் எட்டாக வகுக்கிறார்கள். அதில் ஒன்று ஏப்ரல் அளவில் வரும் 'வசந்தக் குளிர்காலம்'. பனி ஆக ஆழமாக இருப்பதும் வெயில் கொளுத்துவதும் ஒரே நேரத்தில். பனியில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைச் சுடும். கறுப்புக் கண்ணாடியும் முகத்துக்கு வெயில் கிறீமும் நமக்கும் வேண்டும். மே மாதம் சேறு. மே 17 தேசிய நாளுக்குச் சேலை உடுப்பவர்கள் உள்ளே கம்பளி போடுங்கள், அன்றைக்கும் பனி விழுவதுண்டு.

மே நடுப்பகுதியிலிருந்து ஜூலைக் கடைசிவரை சூரியன் மறையாது. ஒளிபுகாத திரைச்சீலையை ஏப்ரலிலேயே வாங்குங்கள். உள்நாட்டில் ஜூன் கடைசியிலிருந்து நுளம்பு. கரையில் காற்று அதைத் துரத்திவிடும். வார்தோவின் ஜூலைச் சராசரி பழைய முப்பதாண்டுக் கணக்கில் 10 பாகையைத் தொட்டதில்லை. ஃபியூர்டின் உள்முனையில் உள்ள பானாக்கிலோ 2021 ஜூலை 5இல் 34.3 பாகை பதிவாகியிருக்கிறது. கோடையிலும் காரில் ஒரு கம்பளிச் சட்டை கிடக்கட்டும்.

கலைமான்கள் வசந்தத்தில் உள்நாட்டிலிருந்து கரைக்கும், இலையுதிர் காலத்தில் திரும்பியும் போகும். ஒன்று வீதியைக் கடந்தால் பின்னால் இன்னும் வரும் என்று நின்று காத்திருங்கள். மோதிவிட்டால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும்.

செப்டெம்பர் முதற்பாதியில் உள்நாட்டு மேடு முழுக்கச் சிவந்து மஞ்சளாகும், இரவில் வடதுருவ ஒளியும் தொடங்கும். அந்த வாரமே ரயர் மாற்றக் கடையில் நேரம் பதிந்துவிடுங்கள். பனியில் வீதியின் ஓரத்தைக் காட்டும் நீளத் தடிகளை நட்டுக்கொண்டு வருவதைக் கண்ட பிறகு அழைத்தால், முதல் பனி விழுந்து ஒரு வாரத்துக்குப் பிறகுதான் இடம் கிடைக்கும்.